கூட்டுத்தொகையில் ஒன்று அதிகம்

எங்கள் ஆட்களுக்கு விழா மலர் போடாவிட்டால் சாப்பாடு இறங்காது. பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு மலர், ஊர்ச் சங்கத்துக்கு ஒரு மலர், கோயில் திருநாளுக்கு ஒரு மலர். பளபளப்பான தாள். முதல் பக்கங்கள் முழுக்க ஆசியுரை. பிறகு வீடு விற்கிறவர், காப்புறுதி விற்கிறவர், மண்டபம் சோடிக்கிறவர் என்று எல்லாரும் கோட்டும் டையுமாகச் சிரிக்கும் விளம்பரங்கள். நடுவில் எங்காவது ஒளிந்துகொண்டு நாலைந்து கட்டுரைகள். தங்கள் படம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, கொண்டுபோய்த் தொலைக்காட்சிக்குக் கீழே அடுக்கிவிடுவார்கள். ஒருவரும் படிப்பதில்லை. மொன்றியலில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குக்கு, அதாவது எங்கள் கோயில் சமூகத்துக்கு, வெள்ளிவிழா வந்தபோது, அந்த மலருக்குள் என்னையும் இழுத்துவிட்டார்கள்.

இழுத்தவர் பங்குச் சபையின் செயலாளர். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவர். கச்சேரியை விட்டு எத்தனையோ வருடமாகியும் கச்சேரி அவரை விடவில்லை. பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீர் உந்தப் பிறப்பு இறப்பு வேலைதானே பாக்கிறீர்? எங்கட பங்கு துவங்கின நாளிலையிருந்து எத்தினை பேர் பிறந்தவை, எத்தினை பேர் மோசம் போனவை எண்டு ஒரு கட்டுரை எழுதித் தாரும். அட்டவணையும் போடும். படிச்ச ஆள் எழுதினால் மலருக்கும் ஒரு மதிப்பு."

என் வேலையை அவர் சொன்ன விதத்தில் சொன்னால் சவச்சாலைக் காவலாளி என்றுதான் நினைப்பார்கள். விஷயம் இதுதான். இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் மக்கள்தொகை ஆராய்ச்சிக் குழு இருக்கிறது. லண்டனுக்கு வெளியே இருந்த ஒரு புறநகரின் சுகாதார அதிகாரியான டாக்டர் ஒருவர், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வருடம்தோறும் எழுதிய அறிக்கைகளை அவர்கள் ஆராய்கிறார்கள். அந்தப் பழைய பக்கங்களைப் பார்த்துப் பார்த்து எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு, ஆயிரம் பேருக்கு எத்தனை இறப்பு, ஒரு வயதுக்குள் போன குழந்தைகள் எத்தனை. மொன்றியலின் லாசால் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு யாழ்ப்பாணத்துக்காரி எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். கேட்கச் சிரிப்பு வரலாம். எனக்கு வருவதில்லை.

அந்த டாக்டரை எனக்குப் பிடிக்காது. அவர் செத்து எலும்பும் மிஞ்சியிராது என்று தெரிந்தும் பிடிக்காது. கோடைகாலத்தில் வயிற்றோட்டத்தில் குழந்தைகள் செத்தால் தாய்மாருக்குச் சுத்தம் தெரியாது என்பார். வசதியான தெருக்களில் பிறப்பு விகிதம் இறங்கினால் அந்தத் தெருப் பெண்களுக்குச் சுகம் கூடிவிட்டது என்பார். பெற்றாலும் குற்றம், பெறாவிட்டாலும் குற்றம். ஒவ்வொரு வருடமும் அதே ஏச்சைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறார். எனக்கு அந்த ஏச்சு பழக்கமானதுதான். ஞாயிறு தவறாமல் எங்கள் மண்டபத்திலும் கேட்கிறேன்.

ஆனால் அவர்மேல் கோபம் வந்ததற்கு உண்மையான காரணம் வேறு. பிறந்து ஒரே ஒரு மூச்சு விட்டுப் போன குழந்தை அவருடைய கணக்கில் இரண்டு பக்கமும் இருக்கும், பிறப்பிலும் இறப்பிலும். மூச்சு விடாமலே வந்த குழந்தை ஒரு பக்கத்திலும் இருக்காது. பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி, அவரைக் குற்றம் சொல்லி என்ன என்று குழுவில் ஒரு பெண் சொன்னாள். சட்டத்தைக் கோபிக்க முடியாது, ஆளைத்தான் கோபிக்கலாம் என்று நான் சொன்னேன். அவளுக்கு ஏன் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். எட்டாம் மாதத்தில், ஒரு மாசிப் பனிக்குள். அழவில்லை. நிறையத் தலைமயிர் இருந்தது, என் கணவரின் மூக்கு இருந்தது, மூச்சுத்தான் இல்லை. பெயரும் வைத்திருந்தோம். அதை நாங்கள் ஒருவருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. நிலம் உறைந்திருந்ததால் பனி கரையும்வரை காத்திருந்து, மருத்துவமனையே ஏற்பாடு செய்த இடத்தில் இன்னும் சில பிஞ்சுகளோடு சேர்த்து அடக்கம் செய்தோம். நானும் அவரும் மட்டும் போனோம்.

பிறகு துக்கம் விசாரிக்கிறோம் என்று வந்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். "நல்லகாலம் பிள்ளை, வளந்தாப்பிறகு போயிருந்தால் எவ்வளவு கஷ்டம்" என்றாள் ஒருத்தி. நல்லகாலமாம். "அடுத்த வருசமே ஒண்டு வரும், யோசியாதையும்" என்றாள் இன்னொருத்தி, பஸ்ஸைத் தவறவிட்டவளுக்குச் சொல்வதுபோல. கொண்டுவந்த புட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போன ஒருத்தியை மட்டும் எனக்கு இன்றுவரை பிடிக்கும். மற்றவர்களின் சட்டிகளைக் கழுவிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்த வருடக் கார்த்திகையில் இறந்தோருக்கான பூசை வந்தது. எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் இறந்த ஒவ்வொருவரின் பெயரையும் பீடத்துக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள். பெயர் வாசித்ததும் அந்தக் குடும்பத்தார் எழுந்துபோய் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார்கள். அவ்வளவுதான் சடங்கு. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. ஒரு தரம், ஒரே ஒரு தரம், அத்தனை சனத்துக்கு முன்னால் அவள் பெயரைக் கூப்பிட வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் எழுந்துபோக வேண்டும். பெயர்களைத் தொகுப்பவர் செயலாளர். அவரிடம் போய்க் கேட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. இரக்கமாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிகிறது.

"அது செத்தவையின்ர பூசை, தங்கச்சி. பிறந்தால்தானே சாகிறது."

வாய்க்காரி என்று பெயரெடுத்த எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. பூசைக்கும் போகவில்லை. வருடக் கடைசி நன்றிப் பூசையில் அந்த வருடத்து ஞானஸ்நானங்களைச் சொல்லிக் கை தட்டியபோது நான் வெளியே தரிப்பிடத்தில், காருக்குள் இருந்தேன். நூறு வருடம் தள்ளி, கடல் தாண்டி, வேறு சமயம், வேறு பாஷை. ஆனாலும் அந்த டாக்டரும் எங்கள் செயலாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பேனையால் என் பிள்ளையை விட்டுவிட்டு எழுதினார்கள்.

அதனால்தான் மலருக்கு எழுதச் சொன்னபோது ஒப்புக்கொண்டேன். அவர் மதிப்புக்காகக் கேட்டார். நான் மகளுக்காக எழுதினேன். பீடத்தில் இடம் கிடைக்காதவளுக்கு அட்டவணையிலாவது ஓர் இடம் வேண்டும், அதே கோயிலின் அட்டவணையில்.

எழுதி முடிப்பதற்குள்ளேயே அவர் நாட்டாமை தொடங்கிவிட்டது. இப்போதைய இளம் பெண்கள் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், இப்படியே போனால் பங்கு இருக்காது, அதைக் கண்டித்து ஒரு பந்தி எழுதும் என்றார். எழுத மாட்டேன் என்றேன். பிறகு அட்டவணையில் மொத்தம் எங்கே என்று கேட்டார்.

"அண்ணை, பிறந்த ஆக்களையும் செத்த ஆக்களையும் கூட்டி என்ன செய்யப் போறியள்? அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. கழிச்சாலாவது ஏதாவது விளங்கும்."

"கழிச்சால் சின்னனாத் தெரியும், தங்கச்சி. மொத்தம் எண்டு ஒண்டு இருந்தால்தான் அட்டவணை அட்டவணை மாதிரி இருக்கும். பங்கிலை இவ்வளவு நிகழ்வு நடந்திருக்கு எண்டு சனத்துக்குத் தெரியவேணும். கட்டாயம் போடும்."

போட்டேன். பிறப்பு, இறப்பு, அதற்குப் பக்கத்தில் நான் சேர்த்த மூன்றாவது நிரல், 'உயிரின்றிப் பிறந்தவர்', கடைசியில் அவர் ஆசைப்பட்ட மொத்தம். மூன்றாவது நிரல் அநேகமாக வெறுமையாகவே கிடந்தது. பங்கில் வேறும் இருந்திருப்பார்கள், இல்லாமல் இருக்காது. ஆனால் வீடு வீடாகப் போய் அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. என்னுடையதைப் போட எனக்கு உரிமை இருந்தது. அவள் பிறந்த வருடத்துக்கு நேரே ஒன்று என்று போட்டேன். அனுப்பிவிட்டு, கணவரிடம் காட்டினேன். அவர் பார்த்தார், பிறகு வேலைக்குப் போய்விட்டார். லாசாலிலேயே ஒரு களஞ்சியத்தில் அவருக்குப் பின்னேர வேலை. மகளைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. பேசாதது எனக்கு எரிச்சல். பேசச் சொல்லிக் கேட்டால் அவருக்கு எரிச்சல். அப்படியே ஓடிக்கொண்டிருந்தோம்.

செயலாளர் எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, கட்டுரை நல்லா இருக்கு. ஆனால் உந்த மூண்டாவது நிரல் வேண்டாம். மலர் எண்டது சந்தோசமான விசயம். அதோடை பாரும், அதுக்கு எதிர்ப்பக்கத்திலை ஆயரின்ர ஆசியுரை வருது."

"ஆயருக்குப் பிள்ளை செத்துப் பிறக்கிறது தெரியாதோ, அண்ணை?"

"அப்பிடிக் கதையாதையும். ஞானஸ்நானமும் இல்லை, ஒண்டுமில்லை. எந்தக் கணக்கிலை சேர்க்கிறது?"

"அதுக்குத்தான் தனி நிரல் போட்டிருக்கிறன். அதை எடுக்கிறதெண்டால் முழுக் கட்டுரையையும் எடுங்கோ. அரைகுறையாப் போடாதேங்கோ."

"சரி, சரி. பாப்பம்."

எங்கள் ஆட்கள் 'பாப்பம்' என்றால் அது முடிந்த கதை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் முழுக் கட்டுரையையும் எடுக்கச் சொன்ன பிறகு மனிதர் அவ்வளவு துணிய மாட்டார் என்று நம்பினேன். நம்பியது என் மடத்தனம்.

வெளியீட்டு விழா தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். வெளியே மூக்கு விறைக்கும் குளிர். உள்ளே பட்டுச் சேலையும் பனிச் சப்பாத்துமாகச் சனம். விளக்கேற்றினார்கள், சிறுமிகள் ஆடினார்கள், ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தினார்கள். கதிரைக்குக் கதிரை மலர் வைத்திருந்தார்கள். நான் உட்காரவும் இல்லை, பக்கத்தைத் தேடித் திறந்தேன். ஆயர் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே என் கட்டுரை. அட்டவணையில் பிறப்பு, இறப்பு, மொத்தம். அவ்வளவுதான். மூன்றாவது நிரல் இருந்த இடத்தில் மெழுகுதிரிப் படம் ஒன்று போட்டு அடைத்திருந்தார்கள். கீழே நான் எழுதாத ஒரு பந்தி, இளம் பெண்கள் கடமையை உணர வேண்டும் என்று. அதற்கும் கீழே என் பெயர்.

மேடையில் செயலாளர் ஒலிவாங்கியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரே போய் அந்த மலரை அவர் முகத்தில் எறிந்திருப்பேன். கணவர் என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுமப்பா. சனத்துக்கு முன்னாலை வேண்டாம்."

"வீட்டை போவம், வாங்கோ."

"மதிப்புரை முடியட்டும். இப்ப எழும்பினால் எல்லாரும் பாப்பினம்."

எல்லாரும் பார்ப்பார்கள். அந்தப் பயத்தில்தான் எங்கள் சீவியமே போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒருவரும் மலர் படிப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வெளியீட்டில் மதிப்புரை சொல்ல ஒருவரைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். பெரும்பாலானவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு அரை மணித்தியாலம் புகழ்வார்கள். அன்றைக்குக் கூப்பிட்டது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரை. மண்டபத்தில் பாதிப் பேருக்கு ஊரில் கணக்குப் படிப்பித்தவர், அதனால் மறுக்க முடியாமல் கூப்பிட்டார்கள். மனிதர் முதல் நாளே மலரை வாங்கி விளம்பரம் உட்பட ஓர் எழுத்து விடாமல் படித்திருந்தார். சிவப்புப் பேனையும் கையுமாக மேடையேறினார். புகழ்ச்சி ஒரு வசனத்தோடு முடிந்தது. பிறகு பிழைகள்.

ஆசியுரையில் ஒரு பிழை, தலைவர் உரையில் சில பிழைகள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், என் பக்கத்தில் நின்றார்.

"இந்த அட்டவணையிலை ஒரு கணக்குப் பிழை இருக்கு. பிறப்பையும் இறப்பையும் ஏன் கூட்டினவை எண்டு எனக்கு விளங்கேல்லை, அது வேற கதை. கூட்டினதைச் சரியாவது கூட்டவேணும். ஒரு வருசத்திலை மொத்தம் ஒண்டு கூட நிக்குது. கடைசி வரியிலையும் அதே ஒண்டு கூட. மற்றதெல்லாம் சரி."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மூன்றாவது நிரலை வெட்டிய மனிதர் மொத்தத்தைத் தொடவில்லை. தான் கெஞ்சிக் கேட்டு வாங்கிய மொத்தம் அல்லவா, அதில் கை வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

செயலாளர் பாய்ந்து இன்னொரு ஒலிவாங்கியைப் பிடித்தார். முகம் சிவந்திருந்தது, சிரிப்பும் இருந்தது.

"மாஸ்டர் மன்னிக்கவேணும். அட்டவணை நாங்கள் தயாரிச்சது இல்லை. யூனிவர்சிற்றியிலை வேலை பாக்கிற தங்கச்சி ஒராள் செய்து தந்தவ, நாங்கள் நம்பிப் போட்டிட்டம். பெரிய விசயமில்லை. அடுத்த கிழமை எல்லா மலரிலையும் ஒரு பிழைதிருத்தம் ஒட்டிவிடுவம். ஒண்டைக் குறைச்சால் சரிதானே."

சனம் சிரித்தது. பெரிய சிரிப்பு இல்லை, சின்னதுதான். என் கோட்டிலிருந்து கணவரின் கை விலகியதை உணர்ந்தேன். அவர் விட்டாரோ, நான் இழுத்தேனோ தெரியாது. எழுந்துவிட்டேன். எனக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"மாஸ்டர், கணக்கிலை பிழை இல்லை. நான் குடுத்த அட்டவணையிலை மூண்டு நிரல் இருந்தது. மூண்டாவது, உயிரில்லாமல் பிறந்த பிள்ளையளுக்கு. அண்ணை அதை வெட்டிப்போட்டார். மொத்தத்தை வெட்ட மறந்திட்டார். அந்தக் கூட நிக்கிற ஒண்டு என்ர மகள். அவவை எப்பிடிக் குறைக்கப் போறார் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

பின்னால் சமையலறைப் பக்கம் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் உட்காரவில்லை. செயலாளரைப் பார்க்கவும் இல்லை. வாத்தியாரைத்தான் பார்த்தேன்.

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஐயோ பாவம் என்று தலையாட்டவில்லை. மலரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். உதடு அசைய மேலிருந்து கீழே கூட்டினார், கடைசி வரிவரைக்கும். எல்லாரும் காத்திருந்தோம்.

"ஓம்," என்றார். "அப்பிடியெண்டால் கணக்குச் சரி. திருத்தம் ஒட்டத் தேவையில்லை."

சிவப்புப் பேனையால் தாளில் எதையோ போட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். காப்புறுதி விளம்பரத்தில் இரண்டு எழுத்துப் பிழையாம்.

எல்லாம் முடிந்து ரோல்ஸும் பற்றிஸும் பரிமாறும் இடத்தில் செயலாளர் என்னை மறித்தார். சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"என்னட்டைத் தனியச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

"சொன்னனான், அண்ணை. ரெண்டு தரம்."

அதற்கு மேல் அவரோடு எனக்குக் கதை இல்லை. இன்றைக்கும் கோயிலில் கண்டால் வணக்கம் சொல்வார், நான் தலையை ஆட்டுவேன். மன்னித்துவிட்டாயா என்று பங்குச் சுவாமியார் ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லி நற்கருணை வாங்கச் சொல்கிறாரா?

காருக்குள் வந்து உட்கார்ந்தோம். கண்ணாடி முழுக்கப் பனி. கணவர் இயந்திரத்தை முடுக்கிவிட்டு, சூடு வரட்டும் என்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சனத்துக்கு முன்னால் இப்படிச் செய்துவிட்டாயே என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதற்கும் ஒரு பதிலை வாயில் வைத்திருந்தேன். அவர் என் மடியிலிருந்த மலரை எடுத்தார். உள்விளக்கைப் போட்டு, ஸ்டியரிங்கின்மேல் விரித்து, ஆயருக்கு எதிர்ப்பக்கத்தைத் தேடிப் பிடித்தார். அந்த வருடத்தில் விரலை வைத்தார். பிறப்பைப் பார்த்தார், இறப்பைப் பார்த்தார், மனசுக்குள் கூட்டினார், மொத்தத்தைப் பார்த்தார். நம்பிக்கையில்லாமல் திரும்பவும் கூட்டினார்.

"ஒண்டு கூட வருது," என்றார்.

"ஓம்."

"எங்கட பிள்ளை," என்றார். அவள் போன பிறகு அவர் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். விரலை அந்த எண்ணிலிருந்து எடுக்காமலே அழுதார். கண்ணாடியில் பனி முழுக்கக் கரைந்து, தரிப்பிடத்தில் எங்கள் கார் மட்டும் மிஞ்சும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.